சீருடை கொடுக்கும் முன்: காவல்துறைகள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

2012 டிசம்பரில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், இண்டிபெண்டன்ஸ் என்ற சின்ன ஊரின் காவல்துறையிலிருந்து திமதி லோமன் என்ற இளைஞர் விலகினார். விலகினார் என்பதுதான் பதிவேட்டில் இருப்பது. அவரை அனுப்பிவிடலாம் என்று அங்கே ஏற்கெனவே முடிவாகியிருந்தது. துப்பாக்கிப் பயிற்சியில் அழுகிற நிலையில் இருந்தார், கவனம் நிற்கவில்லை, சுடும் திறன் படுமோசம், இன்னும் எவ்வளவு நாள் பயிற்சி கொடுத்தாலும் இது சரியாகாது என்று துணைத் தலைமை அதிகாரி குறிப்பு எழுதிக் கோப்பில் வைத்துவிட்டார்.

2014 மார்ச்சில், அங்கிருந்து அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய கிளீவ்லாந்து நகரக் காவல்துறை அவரை வேலைக்கு எடுத்தது. அந்தக் கோப்பை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. நவம்பர் 22 அன்று, பூங்காவில் பொம்மைத் துப்பாக்கியோடு இருந்த டமீர் ரைஸ் என்ற 12 வயதுச் சிறுவனை, கார் வந்து நின்ற இரண்டு விநாடிக்குள் லோமன் சுட்டார். மறுநாள் டமீர் இறந்துபோனான்.

காவலர்கள் செய்த அத்துமீறல்களைப் பற்றி விசாரணை அறிக்கைகள் வரும்போதெல்லாம் நான் தேடிப் பார்ப்பது இந்த மாதிரி ஒரு தாளைத்தான். அநேகமாக எல்லாவற்றிலும் ஒன்று கிடைக்கும். இந்த ஆள் வேண்டாம் என்று யாரோ ஒருவர் முன்பே எழுதி வைத்திருப்பார். அது இன்னொருவரின் அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும்.

பழைய இடத்தில் விசாரிக்காமல் விடுவது

தவறுகளில் முதன்மையானது இதுதான். பின்னணி விசாரணை என்றால் பல இடங்களில் குற்ற வழக்கு இருக்கிறதா என்று கணினியில் தட்டிப் பார்ப்பது, அக்கம்பக்கத்தில் ரெண்டு பேரைக் கேட்பது, அவ்வளவுதான். ஏற்கெனவே இன்னொரு காவல்துறையில் வேலை பார்த்தவர் என்றால் விசாரணை இன்னும் சுருங்கிவிடும். பயிற்சி முடித்தவர், உடனே வேலைக்கு அனுப்பலாம், பயிற்சிச் செலவும் மிச்சம் என்ற ஆசை முந்திக்கொள்கிறது.

ஷான் கிரேசன் என்பவர் இல்லினாய் மாநிலத்தில் நாலு ஆண்டுகளில் ஆறு காவல் அமைப்புகளில் வேலை பார்த்தவர். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காக இரண்டு முறை தண்டனை பெற்றவர். 2024 ஜூலையில், வீட்டைச் சுற்றி யாரோ நடமாடுவதுபோல் இருக்கிறது என்று உதவி கேட்டுப் போலீசை அழைத்த சோனியா மாசி என்ற பெண்ணை, அவருடைய சமையலறையிலேயே சுட்டுக் கொன்றார். அடுத்த ஆண்டு கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பானது. நாலு ஆண்டில் ஆறு வேலை என்பதைப் பார்த்த உடனே, எந்தக் கடை முதலாளியும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: ஏன் எங்கேயும் தங்கவில்லை?

பழைய அலுவலகத்துக்குப் போன் போட்டால் போதும் என்று நினைப்பதும் இதே தவறின் இன்னொரு முகம். போனில் பேசுபவர், வழக்கு வந்துவிடுமோ என்ற பயத்தில் சேர்ந்த தேதியையும் விலகிய தேதியையும் மட்டும் சொல்வார். விண்ணப்பதாரரிடம் ஒப்புதல் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு, நேரில் போய், கோப்பைத் திறந்து படிக்க வேண்டும். உள்விசாரணைப் புகார்கள் தனிக் கோப்பில் இருக்கும், அதையும் கேட்டு வாங்க வேண்டும். அப்புறம், அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரை விட்டுவிட்டு, இவரோடு இரவு ரோந்து போன ஆளைத் தேடிப் பிடித்துப் பேச வேண்டும். உண்மை அங்கேதான் கிடைக்கும்.

ராஜினாமாவை வாங்கிக்கொண்டு கோப்பை மூடுவது

விசாரணை நடந்துகொண்டிருக்கும். நடவடிக்கை வரப்போகிறது என்று தெரிந்ததும் ராஜினாமா கடிதம் வரும். நிர்வாகத்துக்கும் நிம்மதி. விசாரணை அத்தோடு நின்றுவிடும், பதிவேட்டில் 'சொந்தக் காரணங்களுக்காக விலகினார்' என்று இருக்கும். அடுத்த ஊர்க்காரருக்கு அது சுத்தமான பதிவேடு.

இங்கிலாந்தில் 2017 டிசம்பரிலிருந்து இந்த வழியை அடைக்கப் பார்த்தார்கள். விலகிப் போனாலும் விசாரணை தொடரலாம். பணியில் இருந்திருந்தால் டிஸ்மிஸ் ஆகியிருப்பார் என்று முடிவானால் தடைப் பட்டியலில் பெயர் ஏறும், வேறெந்தக் காவல்துறையும் அவரை எடுக்க முடியாது. அமெரிக்காவில் காவலராக வேலை பார்க்க மாநிலம் கொடுக்கும் உரிமம் பறிக்கப்பட்டவர்களுக்கு நாடு தழுவிய பட்டியல் ஒன்று உண்டு. ஆனால் உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியா மாதிரிப் பெரிய மாநிலத்துக்கே, அத்துமீறலுக்காக உரிமத்தை ரத்து செய்யும் சட்டம் 2021-ல்தான் வந்தது.

ஃபுளோரிடாவின் முப்பதாண்டுப் பதிவுகளை அலசி 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று, எந்த ஆண்டை எடுத்தாலும் பணியில் இருப்பவர்களில் ஏறத்தாழ 3 சதவீதம் பேர் முன்பு வேறோர் இடத்தில் டிஸ்மிஸ் ஆனவர்கள் என்று கண்டது. புது ஆட்களைவிட இவர்கள் மறுபடி டிஸ்மிஸ் ஆவதும் அதிகம், புகார் வாங்குவதும் அதிகம். இவர்கள் போய்ச் சேர்வது பெரும்பாலும் பணம் இல்லாத சின்னக் காவல்துறைகளில். விசாரிக்க ஆள் இல்லாத இடத்துக்குத்தான் விசாரிக்கப்பட வேண்டியவர்கள் போகிறார்கள்.

எண்ணிக்கையைக் காட்ட அவசரப்படுவது

குற்றம் கூடிவிட்டது, உடனே ஆயிரம் பேரை எடு என்று அரசியல் அழுத்தம் வரும். மயாமியில் 1980-களின் தொடக்கத்தில் அப்படித்தான் வேகமாக ஆள் சேர்த்தார்கள். 1985-ல் அந்த நகரின் காவலர்களே போதைப்பொருள் கடத்துபவர்களிடம் கொள்ளையடித்தது வெளியே வந்தது. அந்தக் காவலர்களிடமிருந்து தப்பிக்க ஆற்றில் குதித்த மூன்று பேர் மூழ்கி இறந்தார்கள். வாஷிங்டனில் 1989, 1990-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அவசரமாக எடுத்தார்கள். பின்னணி விசாரணையைப் பாதியில் விட்டதன் பலனை அடுத்த சில ஆண்டுகளில், கைதான காவலர்களின் பட்டியலில் பார்த்தார்கள்.

ஒரு தடவை தேறியவர் ஆயுளுக்கும் தேறியவர் என்று நினைப்பது

லண்டன் பெருநகரக் காவல்துறையில் 2001-ல் சேர்ந்தவர் டேவிட் கேரிக். துப்பாக்கி ஏந்தும் பிரிவில் இருந்தார். 2017-ல் மறுபடி பின்னணிச் சோதனை நடந்தது, அதிலும் தேறினார். அதற்குள் அவர்மேல் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு பெண்கள் சொன்ன புகார்கள் இருந்தன. ஒன்றும் வழக்காகவில்லை. கடைசியில் 49 குற்றங்களை ஒப்புக்கொண்டு 2023-ல் ஆயுள் தண்டனை பெற்றார். பாலியல் வன்கொடுமைகளும் அவற்றில் உண்டு. அந்த வழக்கு வெளியே வந்த சமயத்தில்தான் அந்தக் காவல்துறை, 1,071 பேர்மேல் இருந்த 1,633 பழைய புகார்களைத் தூசு தட்டி எடுத்தது.

இங்கே நடந்த பிழையை உற்றுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு புகார் வந்தபோதும் அதை மட்டும் தனியாகப் பார்த்து, நிரூபிக்கப்படவில்லை என்று எழுதினார்கள். நிரூபிக்கப்படவில்லை என்றால் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. ஒருவரைச் சிறைக்கு அனுப்பக் கேட்கும் ஆதாரத்தையே, ஒருவர் கையில் துப்பாக்கி கொடுக்காமல் இருப்பதற்கும் கேட்கக் கூடாது.

சரி, பொய்ப் புகார் வராதா என்றால், வரும். கலவரமான பகுதியில் வேலை பார்ப்பவர்மேல் நாலு புகார் கூடத்தான் இருக்கும். அதனால்தான் எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சாயலைப் பார்க்க வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் ஒரே மாதிரி நடத்தையைச் சொன்னால், அது வழக்காகாவிட்டாலும் உட்கார்ந்து படிக்க வேண்டிய விஷயம்.

இயந்திரத்தையும் மதிப்பெண்ணையும் நம்புவது

பொய் கண்டறியும் கருவியை ஆள் எடுக்கும்போது பல அமெரிக்கக் காவல்துறைகள் பயன்படுத்துகின்றன. தனியார் நிறுவனங்கள் அப்படிச் செய்ய 1988-லேயே சட்டம் பெரும்பாலும் தடை போட்டுவிட்டது, அரசுக்கு விலக்கு. பணியாளர்களைச் சலிக்க அதன் துல்லியம் போதாது என்று 2003-ல் அந்நாட்டு அறிவியல் அகாதமியின் குழுவும் சொல்லிவிட்டது. கருவி தேற்றிவிட்டது என்பதால் ஆளைப் போய் விசாரிக்காமல் விடுகிறார்கள் பாருங்கள், கெடுதல் அங்கே.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கனெக்டிகட்டின் நியூ லண்டன் நகரில் ஒருவர் அறிவுத்திறன் தேர்வில் 33 மதிப்பெண் வாங்கினார். 27-க்கு மேல் போனவர்கள் சீக்கிரம் சலித்துப்போய் வேலையை விட்டுவிடுவார்களாம், அதனால் அவரை நேர்காணலுக்கே கூப்பிடவில்லை. அவர் வழக்குப் போட்டார், 2000-ல் மேல்முறையீட்டிலும் தோற்றார்.

கறையே இல்லாதவரை மட்டும் தேடுவது

இது எதிர்ப்பக்கத் தவறு. பதினெட்டு வயதில் கோஷம் போட்டதற்கு ஒரு வழக்கு இருந்தாலும் வேண்டாம் என்று விதி வைத்தால், விண்ணப்பத்தில் அதை மறைக்கத்தான் தோன்றும். இந்திய உச்ச நீதிமன்றம் 2016-ல் அவதார் சிங் வழக்கில் இதைப் பொறுமையாகப் பிரித்துச் சொன்னது. இள வயதில் கோஷம் போட்டது மாதிரி அற்ப விஷயத்தை மறைத்திருந்தால், வேலை கொடுப்பவர் தம் விருப்பப்படி அதை மன்னிக்கலாம். அற்பமல்லாத குற்றத்தை மறைத்திருந்தால் பணியை ரத்து செய்யலாம். உண்மையைச் சொல்லிவிட்டார் என்பதற்காகவே எடுத்தாக வேண்டும் என்றும் இல்லை, பின்னணியைப் பரிசீலிக்கும் உரிமை வேலை கொடுப்பவருக்கு உண்டு. விண்ணப்பிப்பவர்களுக்கும் இதில் சேதி இருக்கிறது: சின்ன வழக்கானாலும் படிவத்தில் எழுதிவிடுங்கள்.

புதியவரை யார் கையில் ஒப்படைப்பது

தேர்வையும் பயிற்சியையும் ஒழுங்காக முடித்து, கடைசியில் தப்பான ஆளிடம் களப்பயிற்சிக்கு அனுப்பினால் எல்லாம் வீண். 2020 மே 25 அன்று மினியாபொலிசில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தை முழங்காலால் அழுத்திக் கொன்ற டெரிக் சாவின், புதியவர்களுக்குக் களப்பயிற்சி கொடுப்பவர். அவர்மேல் பதினைந்துக்கும் மேற்பட்ட புகார்கள் இருந்தன. அன்று உடன் இருந்தவர்களில் இரண்டு பேர் தனியாகப் பணிக்கு வந்து சில நாட்களே ஆனவர்கள், அதில் ஒருவர் சாவினிடமே பயிற்சி பெற்றவர். இன்னொருவர், ஃபிளாய்டின் காலைப் பிடித்திருந்த தாமஸ் லேன், இவரை ஒருக்களித்துப் படுக்க வைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றார் சாவின். லேன் மறுபடியும் கேட்டுப் பார்த்தார். அதற்குமேல் சாவினைத் தடுக்கவில்லை.

டிஸ்மிஸ் செய்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பது

விசாரணையை அரைகுறையாக நடத்தினால் டிஸ்மிஸ் நிற்காது. 2006 முதல் அமெரிக்காவின் பெரிய காவல்துறைகள் டிஸ்மிஸ் செய்தவர்களில் குறைந்தது 1,881 பேரைக் கணக்கெடுத்த வாஷிங்டன் போஸ்ட், அவர்களில் 451 பேர் மேல்முறையீட்டில் திரும்பி வந்துவிட்டார்கள் என்று 2017-ல் எழுதியது. கெடு தவறியது, சாட்சியை ஒழுங்காக விசாரிக்காதது என்று நிர்வாகத்தின் கோளாறுகளே பல வழக்குகளில் அவர்களுக்குக் கைகொடுத்தன.

டிஸ்மிஸ் நின்றால்கூடக் கதை முடிவதில்லை. லோமன் மீது டமீர் ரைஸ் வழக்கில் குற்றச்சாட்டே பதிவாகவில்லை. கிளீவ்லாந்து அவரை 2017-ல் டிஸ்மிஸ் செய்தது, ஆனால் சுட்டதற்காக அல்ல. இண்டிபெண்டன்சிலிருந்து ஏன் விலகினார் என்பதை விண்ணப்பத்தில் மறைத்ததற்காக. அடுத்த ஆண்டே ஒஹாயோவில் பெலேர் என்ற ஊர் அவரைப் பகுதிநேரக் காவலராக எடுத்தது, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் விலகினார். 2022 ஜூலையில் பென்சில்வேனியாவின் டியோகா என்ற சிற்றூர் அவரைத் தன் ஒரே காவலராக எடுத்து உறுதிமொழியும் வாங்கிக்கொண்டது. செய்தி பரவியதும் அங்கேயும் விலகினார். அந்த நேரத்தில் அவர் பெயரை இணையத்தில் தட்டினாலே டமீரின் படம் வந்து நிற்கும்.