பவுண்டு எடையைக் கிலோவாக்க மனக்கணக்கு போதும்

அமெரிக்காவில் இருக்கும் அக்கா போனில் "180 பவுண்டு ஆகிட்டேன்" என்றால் கால்குலேட்டரைத் தேட வேண்டாம். பாதியாக்குங்கள், 90. அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் 81 கிலோ. துல்லியமாகப் போட்டால் 81.6 வரும், பேச்சுக்கு இது தாராளம். கிலோவைப் பவுண்டாக்க, திருப்பிப் போடுங்கள்: 70 கிலோவை இரட்டித்தால் 140, அதில் பத்தில் ஒரு பங்கான 14-ஐச் சேர்த்தால் 154.

பிரிட்டனில் ஸ்டோன் கணக்கு. ஒரு ஸ்டோனுக்கு 14 பவுண்டு, ஏறத்தாழ 6.35 கிலோ.

பலரும் தடுமாறுவது பிறந்த குழந்தையின் எடையில்தான். '7 பவுண்டு 8 அவுன்ஸ்' என்பது 7.8 பவுண்டு அல்ல. பவுண்டுக்கு 16 அவுன்ஸ் என்பதால் அது ஏழரைப் பவுண்டு, அதாவது 3.4 கிலோ.

மருந்து விஷயத்தில் மட்டும் இந்த மனக்கணக்கு கூடவே கூடாது. குழந்தைகளுக்குப் பல மருந்துகளைக் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்றுதான் கணக்கிடுகிறார்கள். பவுண்டில் பார்த்த எண்ணைக் கிலோ என்று சொல்லிவிட்டால் மருந்து இரண்டு மடங்குக்கும் மேல் போய்விடும். வீட்டு டிஜிட்டல் எடை மெஷின்கள் பலவற்றில் அலகு மாற்றும் பொத்தான் அடியில் இருக்கும். அதைக் கிலோவில் வைத்துவிட்டு எடை பாருங்கள். டாக்டரிடம் வெறும் எண்ணாகச் சொல்லாமல் "12 கிலோ" என்று அலகோடு சொல்லுங்கள்.