மலைப்பக்கம் நடக்க வர்றவங்க தயவுசெஞ்சு இதெல்லாம் பண்ணாதீங்க

ஷூ, தொப்பி, தண்ணி பாட்டில் பத்தியெல்லாம் சொல்லப் போறதில்ல, அத வேலூர் வெயிலே சொல்லிக் குடுத்துடும். ஞாயித்துக்கிழமை ஆனா ஒடுகத்தூர், அமிர்தி பக்கம் புதுசு புதுசா குரூப் வருது. நல்ல பசங்கதான், ஆனா ஆரம்பத்துல நாங்க அடிச்ச அதே கூத்த அச்சு மாறாம அடிக்கறாங்க.

கேக்காம மரம் நடறது

நாலு தடவ நடந்ததும் எல்லாருக்கும் "இந்த ஊருக்கு எதனா பண்ணணும்"னு தோணிடும். உடனே மரக்கன்னு. அப்படித்தான் ஒரு டீம் மாசி மாசத்துல டெம்போ நிறைய தூங்குமூஞ்சிக் கன்னு ஏத்திக்கினு வந்து, மலை ஏர்ற ஒத்தையடிப் பாதைக்கு ரெண்டு பக்கமும் குழி வெட்டி நட்டு, பேனர் புடிச்சு போட்டோ எடுத்துட்டு, மத்தியானம் பிரியாணிக்கு ஆம்பூர் போய்ட்டாங்க. மாசியில நட்டா பங்குனி, சித்திரை வெயிலுக்கு யாரு தண்ணி ஊத்தறது? அதுவும் தேவப்படல, ஆடுங்க எறங்கற வழி அது, ரெண்டே நாள்ல மொட்ட. செடி போச்சு, பாதி மூடுன குழிங்க மட்டும் அப்படியே நின்னுது.

நமக்குத்தான் அது ட்ரெயில். மேல இருக்கற ஊர்க்காரங்களுக்கு ரேஷனுக்கு, சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு அதான் ரோடு. 2023 மே மாசம் அல்லேரி மலையில பாம்பு கடிச்ச ஒன்றரை வயசுக் கொழந்த ஆஸ்பத்திரி போறதுக்குள்ள இறந்துபோய், ரோடு இல்லாததால ஆம்புலன்ஸ் பாதியிலயே இறக்கிவிட்டு, பெத்த தாய் உடம்ப கையில தூக்கிக்கினு நடந்த செய்தி எல்லாரும் படிச்சதுதான். டோலி கட்டி ராத்திரியில ஆள தூக்கிக்கினு எறங்கற ஜனங்க இருக்கற மலையில, பாதை ஓரம் குழி!

அடுத்து நாங்க போனப்ப ஒரு பெரியவர் கேட்டாரு, "இன்னா சார், குழி தோண்டிட்டு போய்ட்டீங்க, இருட்டுல யாரு வுழறது?" அது நாங்க இல்லன்னா எடுபடுமா, அவருக்கு ஷூ போட்டவன் எல்லாம் ஒரே ஆளு. மம்முட்டி வாங்கி குழிய மூடிட்டுதான் எறங்குனோம், ஆனாலும் ரொம்ப நாளைக்கு யாரும் மொகம் குடுத்துப் பேசல. வருஷக்கணக்கா சேத்த பழக்கம் ஒரு பேனர்ல போச்சு, இப்பவும் நெனச்சா எரியுது எனக்கு.

நடணும்னா மொதல்ல ஊர்ல ஒக்காந்து கேளுங்க. புளி, பலா, மா இப்படி காசு பாக்கற மரம் கேப்பாங்க, அவங்க பட்டா நெலத்துல, வேலியோட, ஆடி மழைக்கு அப்புறம். காப்புக்காடுன்னா வனத்துறை அனுமதி இல்லாம ஒரு செடிகூட நடக் கூடாது. தண்ணி பத்தி ஆசை இருந்தா நாகநதியப் பாருங்க, ஓடையில கெணத்து உறை எறக்கி, கல்லு அடுக்கி மழைத்தண்ணிய நெலத்துக்குள்ள வுட்டது நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைங்க. போட்டோவுக்கு ஒருநாள் வந்தவங்க இல்ல.

அந்தக் கல்ல எடுக்கறது

ஓடையில குறுக்க அடுக்கி இருக்கற கல்லு சும்மா கெடக்குதுன்னு நெனச்சு அடுப்பு கூட்டறாங்க, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி ரீல்ஸ் எடுக்கறாங்க. அது மழைத்தண்ணி வேகத்த கொறைக்கற தடுப்பு, சாமி. நாலு கல்லு நவுந்தா அடுத்த மழைக்கு அந்த எடமே பிச்சிக்கும்.

அடுப்பு

மாசியில இருந்து வைகாசி வரைக்கும் தீப்பெட்டியே எடுத்துக்கினு வராதீங்க. 2018 மார்ச்ல தேனி பக்கம் குரங்கணியில மலையேறப் போன 20 பேருக்கு மேல செத்தது காட்டுத்தீயிலதான்.

அனுமதி

குரங்கணிக்கு அப்புறம் ரூல்ஸ் டைட். "லோக்கல் பையன் ஒருத்தன் கூட்டிப் போறேன்னான்" அப்படிங்கறதெல்லாம் அனுமதி இல்ல, மாட்டுனா கேஸு அந்தப் பையன் மேலதான் மொதல்ல விழும். சட்டப்படி ஏறணும்னா ஏலகிரி சுவாமிமலை இருக்கு, 2024ல இருந்து வனத்துறையே ஆன்லைன்ல புக்கிங் எடுத்து கைடோட அனுப்பறாங்க.

சாமைக் கொல்லைக்குள்ள குறுக்க நடக்கறது

புல்லு இல்ல அது. சோறு.

ஸ்பீக்கர்

வேணாம்.

புள்ளைங்களுக்கு சாக்லேட்

இதுவும் வேணாம். குடுத்தே ஆகணும்னா பள்ளிக்கூட டீச்சர்கிட்ட என்னா தேவைன்னு கேட்டு அங்க குடுங்க.

சாப்பாடு

இருபது பேரு திடீர்னு போய் ஒரு வீட்டு வாசல்ல நின்னு "சாமைச் சோறு கெடைக்குமா"ன்னு கேக்கறது, ஓசியில சாப்ட்டுட்டு, கேட்டா விருந்தோம்பல்னு பெருமையா போஸ்ட் போடறது. முன்னாடியே சொல்லுங்க, அரிசிக்கு, வெறகுக்கு, ஆக்கறவங்க கூலிக்கு சேத்து காசு குடுங்க. தேனும் புளியும் அவங்ககிட்டயே வாங்குங்க, பேரம் பேசாதீங்க.