பிஎச்டி ஐடியா இருக்கா? அப்போ சைக்காலஜி மாஸ்டர்ஸை இப்படித் தேடுங்க

எம்ஏவா எம்எஸ்சியான்னுதான் எல்லாரும் முதல்ல கேக்குறாங்க, ரெண்டு பேருக்கும் நெட் எக்ஸாம்ல (பிஎச்டி சேரவும் காலேஜ் வேலைக்கும் எழுதுற தேசிய தகுதித் தேர்வு) அதே சைக்காலஜி பேப்பர்தான், அதை விடுங்க. சிலபஸ் பிடிஎஃப்ப டவுன்லோட் பண்ணி நேரா கடைசி செமஸ்டருக்குப் போங்க. தனியா ஒரு டிசர்டேஷன் (நீங்களே ஆய்வு செஞ்சு எழுதுற ஆய்வேடு) இருக்கா, இல்ல நாலு பேர் சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட்னு ஒப்பேத்துறாங்களா? ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எத்தனை பேப்பர்? நான் ஸ்டாட்ஸ்க்கு பயந்து லேசான கோர்ஸா பாத்து சேர்ந்துட்டு அப்புறம் ரீக்ரெஷன்ங்கிற ஸ்டாட்ஸ் முறைய யூடியூப்ல பாத்து கத்துக்கிட்டேன், அந்த வேலை உங்களுக்கு வேண்டாம்.

கிளினிக்கல் ஆசை இருக்கறவங்க இங்க கொஞ்சம் நில்லுங்க. கோர்ஸ் பேர்ல 'கிளினிக்கல்'னு இருந்தா மட்டும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக முடியாது, அதுக்கு ஆர்சிஐ (ரிஹாபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியா) அப்ரூவ் பண்ண கோர்ஸ் முடிச்சு அங்க ரிஜிஸ்டர் பண்ணணும், வெறும் பிஎச்டி வாங்கினாலும் அது கிடைக்காது. காலேஜ்காரங்க வாயால சொல்றத நம்பாதீங்க, ஆர்சிஐ சைட்ல லிஸ்ட் இருக்கு. கரஸ்ல படிக்கலாம்னு நினைச்சீங்கன்னா 2025 ஜூலை-ஆகஸ்ட் அட்மிஷன்ல இருந்து சைக்காலஜிய தொலைதூரக் கல்வியிலயும் ஆன்லைன்லயும் நடத்தக் கூடாதுன்னு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சொல்லிடுச்சு.

மாஸ்டர்ஸ்ல மார்க் 55% வேணும் (எஸ்சி, எஸ்டி, நான் கிரீமி லேயர் ஓபிசி, மாற்றுத்திறனாளிகளுக்கு 50%), நெட்டுக்கு 54.9 எல்லாம் ரவுண்ட் ஆகாது, அதனால மார்க்க கஞ்சத்தனமா போடுற டிபார்ட்மென்ட்டானு சீனியர்ஸ்கிட்ட விசாரிங்க. நெட்ட ஃபைனல் இயர்லயே எழுதலாம். நெட்ல ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) வந்தா மாசம் 37,000 ரூபாய், அது வராம பிஎச்டி அட்மிஷனுக்கு மட்டும் தகுதி வந்தா அட்மிஷன்ல நெட் ஸ்கோருக்கு 70%, இன்டர்வியூக்கு 30% வெயிட்டேஜ், அந்த ஸ்கோரும் ஒரு வருஷம்தான் செல்லும்.

யாரும் பாக்காத ஒண்ணு, பிஎச்டி கைடு. 2022 யுஜிசி விதிப்படி ஒரு ப்ரொஃபசர் 8 பேர், அசோசியேட் 6, அசிஸ்டென்ட் 4 ஸ்காலர் (பிஎச்டி பண்றவங்க) வரைக்கும்தான் வச்சிக்க முடியும், ரிட்டயர் ஆக மூணு வருஷத்துக்கும் கம்மியா இருந்தா புதுசா ஆள் எடுக்கவே முடியாது. ஒரு பெரிய ப்ரொஃபசர நம்பி அதே யுனிவர்சிட்டில மாஸ்டர்ஸ் சேர்ந்து, முடிக்கிறப்போ அவர் ரிட்டயர்மென்ட் பக்கம் வந்துட்டார்னா ரெகமெண்டேஷன் லெட்டரோட சரி. அதனால சேர்றதுக்கு முன்னாடியே ஃபேக்கல்டி பேஜ்ல ஒவ்வொருத்தர் கடைசியா என்ன பேப்பர் போட்டிருக்காங்க, இப்போ எத்தனை ஸ்காலர் இருக்காங்கன்னு பாத்து, அங்க படிக்கிற ஸ்காலர் ஒருத்தருக்கு ஒரு மெயில் தட்டுங்க, வெப்சைட்ல இல்லாதத எல்லாம் அவங்கதான் கொட்டுவாங்க.