ஆயாவின் கைப்பக்குவத்தை எழுதி வைப்பது எப்படி? களியிலிருந்து தொடங்கலாம்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராம வீடுகளில் சமையல் குறிப்பேட்டைப் பார்ப்பது அரிது. களியும் கீரைக் கடைசலும் பிதுக்குப் பருப்புக் குழம்பும் பார்த்துப் பழகிய கையிலேயே இருப்பவை என்பதால், சமைத்தவர் போய்விட்டால் அந்தப் பக்குவமும் அவரோடு போய்விடுகிறது. எதையும் தொகுத்துப் பழக்கமில்லாதவர் ஒரு கைப்பேசி, ஒரு நோட்டு, ஒரு சமையலறைத் தராசு ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலையைத் தொடங்கலாம்.

முதலில் ஒரே ஓர் உணவைத் தேர்ந்தெடுங்கள். அதற்குரிய பருவத்தில் உட்கார்வது முக்கியம். பிதுக்குப் பருப்பைப் பற்றிச் சித்திரையில் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். மார்கழி, தை மாதங்களில் பச்சை மொச்சையை இரவெல்லாம் ஊறவைத்து, மறுநாள் முறத்தைச் சுற்றி உட்கார்ந்து தோலைப் பிதுக்கும்போது கேட்டால், யார் வீட்டுக் கொல்லையில் விளைந்த மொச்சை என்பது வரை பேச்சு தானாக நீளும். களிக்குப் பருவம் கிடையாது. அதனால் புதியவர்களுக்கு அதையே பரிந்துரைக்கிறேன்.

அடுத்து, சமையலைத் தொடுவதற்கு முன் வீட்டின் அளவுப் பாத்திரங்களை அளந்துவிடுங்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது வாய்பாடு. ஆனால் படியின் கொள்ளளவு எல்லா ஊரிலும் ஒன்றாக இருந்ததில்லை. பல வீடுகளில் ‘ஆழாக்கு’ என்று சொல்லப்படுவது உண்மையில் ஒரு பழைய டம்ளர்தான். ஆகவே அந்தப் பாத்திரத்தில் தண்ணீரை நிரப்பி மில்லி லிட்டரிலும், மாவைத் தலைதட்டி நிரப்பித் தராசில் கிராமிலும் அளந்து, நோட்டின் முதல் பக்கத்தில் குறித்து வையுங்கள். கைப்பிடி உப்பையும் இப்படியே எடைபோடலாம், சமைப்பவரின் கையால் எடுத்ததாக இருந்தால் மட்டும். உங்கள் கைப்பிடி வேறு.

மூன்றாவதுதான் நான் தவறு செய்த இடம். பென்னாகரம் பக்கத்தில் இருந்த என் ஆயாவை (பாட்டியை) நாற்காலியில் உட்காரவைத்து, பேட்டி எடுப்பதுபோல ஒரு மணி நேரம் கேள்வி கேட்டேன். “மாவு எவ்வளவு ஆயா?” என்றால் “வேணுங்கற அளவு” என்றார். “எவ்வளவு நேரம் வேகணும்?” என்றால் “வெந்த வரைக்கும்” என்றார். மறுவாரம் எதையும் கேட்காமல் அடுப்படியில் நின்றேன். அரிசி நொய் குழையக் கொதித்ததும் ராகி மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, களி கிண்டும் மரத்துடுப்பின் காம்பால் அதில் ஒரு குழி போட்டார். அந்தக் குழி வழியாகக் கொதி மேலே வந்து மாவை நனைத்த பிறகே, பானையை அசையாமல் பிடித்துக்கொண்டு கிண்டினார். தண்ணீரில் நனைத்த விரலால் களியைத் தொட்டார். விரலில் ஒட்டவில்லை என்றதும் இறக்கினார். ‘வெந்த வரைக்கும்’ என்பதற்கு அந்த விரல்தான் விளக்கம்.

எனவே சமைக்க விடுங்கள், பதிவு செய்யுங்கள். கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டால் அழைப்பு வந்து பதிவு நிற்காது. முகத்தைப் படமெடுப்பதைவிடக் கையையும் பாத்திரத்தையும் எடுப்பது பயன்தரும். அவர் மாவை அள்ளும் ஒவ்வொரு முறையும், போடுவதற்கு முன் தராசில் வைத்து வாங்குங்கள்; சலித்துக்கொள்வார், பரவாயில்லை.

நினைவுகளைத் தனியாகக் கேட்க வேண்டாம், பொருள் வழியாகக் கேளுங்கள். “உங்கள் இளமைக்காலம் எப்படி இருந்தது?” என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். “இந்தத் துடுப்பு யார் செய்தது?”, “அப்போது ராகியை எங்கே அரைத்தீர்கள்?”, “புளி அடிக்கிற நாளில் மதியம் என்ன குழம்பு?” என்று கேட்டால் ஆள், இடம், காலம் எல்லாம் சேர்ந்து வரும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் வீடுகள் நிறைய. போளி ஒரு வீட்டில் ஒப்பட்டு, களி இன்னொரு வீட்டில் முத்தே. அவர்கள் சொன்ன பெயரையே எழுதுங்கள்; திருத்தி எழுதினால் பாதி வரலாறு போய்விடும்.

அன்றிரவே பதிவைக் கேட்டு நோட்டில் எழுதிவிடுவது நல்லது. இடப்பக்கம் அளவும் செய்முறையும், வலப்பக்கம் அவர் சொன்ன பேச்சு அவர் வாய்மொழியிலேயே. சமைத்தவர் பெயர், ஊர், தேதி ஆகியவற்றைத் தலைப்பில் குறியுங்கள். கோப்பின் பெயரிலும் உணவும் தேதியும் இருக்கட்டும். ஒரு பிரதி கைப்பேசியில், ஒன்று பென் டிரைவில், ஒன்று வேறு ஊரிலுள்ள உறவினரிடம் என்று வைத்தால் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆவணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறையாது. பழைய கையெழுத்துத் தாள் கிடைத்தால் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் படமெடுங்கள். லேமினேஷன் செய்ய வேண்டாம், அந்தப் பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது.

கடைசியாக, குறிப்பை மட்டும் பார்த்து நீங்களே சமைத்து அவருக்குப் பரிமாறுங்கள். நான் இரண்டு முறை தோற்றேன். முதல் களியில் மாவுக்கட்டி, இரண்டாவது கூழ். மூன்றாம் முறை ஆயா ஓர் உருண்டையைப் பிட்டுப் பார்த்து, “குழி போட்டதுக்கப்புறம் இன்னும் கொஞ்சம் விட்டிருக்கணும்” என்றார். அதை நோட்டின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.