கடற்குதிரைத் தொட்டி: திருகோணமலைச் சூட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவன் என்பதால், ஊரில் யார் புதிதாகக் கடற்குதிரை வாங்கினாலும் எனக்குத்தான் போன் வருகிறது. உவர்மலை, உப்புவெளி, அண்மையில் கிண்ணியாவிலிருந்தும் ஒருவர். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, திடீரென்று சாப்பாட்டை விட்டுவிட்டது. நாங்கள் பழகிய காலத்துப் பிழைகளே ஒன்றும் மாறாமல் திரும்ப நடக்கின்றன. புதுத் தொட்டியில் மறுநாளே மீன் விடக்கூடாது, தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும் என்பதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவற்றை இங்கே எழுதவில்லை.

“கடல்ல 29 பாகைதானே?”

சில்லர் (தொட்டித் தண்ணீரைக் குளிராக்கும் கருவி) இல்லாமல் தொடங்குவதைத்தான் சொல்கிறேன். இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிற பிழை இது. காரணம், இதற்குச் சொல்லப்படும் நியாயம் கேட்பதற்குச் சரியாக இருக்கிறது.

உப்புவெளியில் ஒரு தம்பியின் வீட்டுக்கு மத்தியான நேரம் போயிருந்தேன். சீற் கூரை வீடு. தொட்டி உண்மையில் அழகு: நல்ல பாறைகள், விலை கூடிய விளக்கு, கண்ணாடியில் பாசிப் பொட்டுக்கூட இல்லை. வெப்பமானி மட்டும் 31 காட்டியது. சொன்னேன். “கடல்ல 29 இருக்குதானே அண்ணா? இதுகள் அங்கதானே பிறந்து வளருதுகள்?” என்று கேட்டான்.

சரி, கடலில் 29 இருக்கிறது. ஆனால் கடலில் அதைச் சுற்றியிருக்கும் தண்ணீர் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கிறது. அது கழித்ததும் தின்னாமல் விட்டதும் நீரோட்டத்தோடு போய்விடும். தொட்டிக்குள் எங்கே போகும்? கடற்குதிரைக்கு இரைப்பை கிடையாது. தின்றது குடல் வழியே வேகமாக ஓடி, பாதி செரித்தபடியே வெளியே வந்துவிடும். அதனால்தான் அது நாள் முழுக்கத் தின்னத் தேடுகிறது, தன் அளவுக்கு மீறித் தொட்டியை அழுக்காக்குகிறது. அந்த அழுக்கைத் தின்று விப்ரியோ போன்ற பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. விப்ரியோ கடல்நீரில் எப்போதும் உள்ளதுதான். சூடு ஏற ஏற அது பெருகும் வேகமும் ஏறும். அதே சூட்டில் தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனோ குறையும். மீன் களைக்கிற நேரம் பார்த்துக் கிருமிக்கு வலுக் கூடுகிறது. வெப்பமண்டலக் கடற்குதிரைகளையும் தொட்டியில் 20க்கும் 23க்கும் இடையில் வைத்திருக்கச் சொல்வது இதனால்தான். கடலின் வெப்பத்தை அப்படியே தொட்டிக்குக் கொண்டுவந்தால், கடலின் அளவையும் கூடவே கொண்டுவர வேண்டும்.

அந்தத் தம்பியின் ஆண் கடற்குதிரையைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். செயற்கைப் புல்லை வாலின் நடுப்பகுதியால் பிடித்திருந்தது. நுனியைச் சுருட்டாமல் தொங்கவிட்டிருந்தது. அந்த நுனியில் இரண்டு மூன்று வளையங்கள் வெளிறி, தோல் நூல் நூலாகப் பிரிந்து தண்ணீரில் ஆடியது. செவுள் படபடவென்று அடித்தது. நிறம் மாறுகிறது என்று அவன் நினைத்திருக்கிறான். அப்படி நினைப்பதில் பிழையில்லை, கடற்குதிரை நிறம் மாற்றும் உயிர்தான். ஆனால் நிறம் மாறும்போது தோல் பிரியாது. வால் நுனி வெளிறினால், மூக்குக் குழாய் வீங்கினால், அன்றே வேறு தொட்டிக்கு மாற்றிச் சூட்டைக் குறைத்து மருத்துவம் தொடங்க வேண்டும். எலும்பு தெரிந்த பிறகு செய்வதற்கு அதிகம் இல்லை. அந்த வாரத்துக்குள் அவனுடைய சோடி இரண்டும் போய்விட்டன.

அந்த விளக்குக்குக் கொடுத்த காசு ஒரு சிறிய சில்லருக்குக் கிட்ட வரும். பவளம் வளர்ப்பவருக்குத் தேவையான வெளிச்சம் அது. கடற்குதிரைக்குத் தேவையே இல்லை, மேலதிகமாகத் தண்ணீரையும் சூடாக்கும். ஆகவே காசு கையில் இருக்கும்போது முதலில் சில்லர், அப்புறம் தொட்டி, அப்புறம் மற்றதெல்லாம். சில்லருக்குக் காசு சேரவில்லையா, கடற்குதிரையைத் தள்ளிப்போடுங்கள். வேறு எத்தனையோ மீன்கள் 28 பாகையில் சந்தோசமாக இருக்கும்.

மேலே விசிறி வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். தண்ணீர் ஆவியாகும்போது குளிர்வது உண்மை. கச்சான் வீசும் வறண்ட மாதங்களில் விசிறியால் இரண்டு மூன்று பாகை இறங்கும். 31 இலிருந்து மூன்றைக் கழித்தால் 28. இன்னும் தூரம் இருக்கிறது. ஆவியாகிற அளவுக்கு உப்பும் ஏறும், தினமும் நல்ல தண்ணீர் விட்டு ஈடுசெய்ய வேண்டும். ஐஸ் போத்தல் மிதக்கவிடுவது கரண்ட் போன நேரத்துக்கு மட்டும். தினமும் அதைச் செய்தால் பகலில் ஒரு சூடு, இரவில் ஒரு சூடு என்று ஏறி இறங்கி அதுவே மீனை வாட்டிவிடும்.

வலையில் வந்த கடற்குதிரை

கரைவலையில் அகப்பட்டதை யாராவது வாளியில் கொண்டுவந்து காட்டுவார்கள். பாவம் பார்த்து வாங்காதீர்கள். உயிரோடு இருந்தால் கடற்புல் உள்ள இடத்தில் விட்டுவிடச் சொல்லுங்கள். அசையும் இரையை மட்டும் தின்று வளர்ந்த உயிர் அது. உறைந்த மைசிஸ் இறாலை முன்னால் போட்டால் ஒரு கண்ணைத் திருப்பிப் பார்க்கும், பிறகு தலையைத் திருப்பிக்கொள்ளும். அப்புறம் வீட்டிலே முட்டையிலிருந்து பொரிக்கவைத்த ஆர்ட்டீமியா என்ற பொடி இறாலின் குஞ்சுகளை உயிரோடு கொடுப்பார்கள். அதையும் தின்னும். தின்றுகொண்டே மெலியும், ஏனென்றால் வளர்ந்த கடற்குதிரைக்கு அதில் சத்துப் போதாது. கடற்குதிரை இனங்கள் அனைத்தும் 2004 முதல், காட்டுயிர்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. கடலில் அவை எவ்வளவு குறைந்துவிட்டன என்பதால்தான் அந்தக் கட்டுப்பாடே வந்தது.

பண்ணையில் பிறந்ததைத்தான் வாங்க வேண்டும். வாங்குமுன் உறைந்த மைசிஸை உங்கள் கண்முன்னே போடச் சொல்லுங்கள். மூக்கால் உறிஞ்சும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம், காதை வைத்தால் கண்ணாடிக்கு வெளியேயும் கேட்கும். அது கேட்காமல் காசு கொடுக்க வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகும் நாளுக்கு இரண்டு மூன்று தடவை போட்டு, மிச்சத்தை அரைமணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும்.

மாரியில் எடுத்த கடல்நீர்

கடல் வாசலில் இருக்கும்போது செயற்கை உப்பு எதற்கு என்று தோன்றும், நியாயம்தான். ஆனால் மாரியில் மகாவலி கொட்டியாரக் குடாவுக்குள் வந்து விழுகிறது. கலங்கிய, உப்புக் குறைந்த தண்ணீர் மேலே படர்ந்து நிற்கும். அந்த நேரம் குடாவில் வாளியைத் தோய்த்து எடுத்தால் நீங்கள் எடுப்பது பாதி ஆற்றுத் தண்ணீர். கோடையிலேயே எடுத்து, வெளிச்சம் படாமல் மூடி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது அந்த மாதங்களுக்குச் செயற்கை உப்பைப் பாவியுங்கள். எப்படியானாலும் அளக்காமல் ஊற்ற வேண்டாம்: உப்புமானியில் தண்ணீரின் ஒப்படர்த்தி 1.021 முதல் 1.025 வரை.

உயரம் குறைந்த தொட்டி

சோடி சேரும்போது இரண்டும் ஒன்றாக மேலெழும்பித்தான் பெண் தன் முட்டைகளை ஆணின் பைக்குள் இடும். உயரம் போதாவிட்டால் முட்டைகள் கீழே கொட்டிவிடும். 45 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது.

கோமாளி மீனோடு சேர்ப்பது

அவை பந்திக்கு முந்துகிற இனம், மெதுவாகத் தின்னும் கடற்குதிரைக்கு மிச்சம் வைக்காது. வேண்டாம்.

பம்பின் வாய்

ஸ்பொஞ்சால் மூடுங்கள். கிடைத்ததை வாலால் பிடிக்கும் உயிர் அது, பம்பின் வாயையும் பிடிக்கும்.