கர்ப்பிணிப் பெண் ‘யோசினை’ என்று சொன்னால் வீட்டார் செய்ய வேண்டியவை

கிழக்கிலங்கையின் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி ‘எனக்கு மனச்சோர்வு’ என்று சொல்வது அரிது. தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, நித்திரையின்மை, ஒரே யோசினை (ஓயாத கவலை) என்றுதான் சொல்வாள். வீட்டு மூத்தவர்கள் அதை மசக்கை என்றோ கண்ணூறு என்றோ எடுத்துக்கொள்வார்கள். ஆகவே நோயின் பெயரை விட்டுவிட்டு, அவள் சொன்ன சொல்லையே பிடித்துக்கொண்டு கேளுங்கள். “உனக்கு மனநோயா?” என்றால் வாயை மூடிக்கொள்வாள், “இரவில என்ன மகள் யோசினை ஓடுது?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருந்தால் ஏதாவது சொல்லக்கூடும்.

களைப்பும் நித்திரைக் குறைவும் கர்ப்பத்தில் இயல்பாகவே வருவதால் அவற்றை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், ஆறு மாதக் கர்ப்பிணி தானே ஆசையாகக் கேட்ட பாலாணத்தை (தேங்காய்ப்பால் கறியை) சோற்றோடு பிசைந்தபடி அரைமணி நேரம் இருந்தாள். கட்டாரிலிருந்து கணவர் அழைத்தபோது போனைக் கவிழ்த்து வைத்தாள். தாய் சோற்றை நினைத்துக் கவலைப்பட்டார்; கவனித்திருக்க வேண்டியது அந்தப் போனை. விருப்பமானவர்களும் விருப்பமான வேலைகளும் வேண்டாமற்போவது, காரணமின்றி அழுவது, ‘நான் நல்ல தாயாக மாட்டேன்’ என்று சொல்வது ஆகியவை இரண்டு வாரம் நீடித்தால் வைத்திய உதவி தேவை.

எங்கள் பகுதியில் பெரும்பாலும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். தாய் பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு என்ன குறை என்று ஊர் நினைப்பதாலேயே, குறையைச் சொல்ல அவள் கூச்சப்படுவாள்.

மனச்சோர்வை அறியப் பல நாடுகளில் பயன்படும் எடின்பரோ வினாத்தாள் 1987இல் பிரசவித்த தாய்மாருக்காக வெளிவந்து, பின்னர் கர்ப்பிணிகளுக்கும் பயன்பட்டது. கடந்த 7 நாட்களைப் பற்றிய 10 கேள்விகளுக்கு மொத்தம் 30 புள்ளிகள். பிரித்தானியாவில் வழக்கமாக 13 புள்ளியைக் கவலைக்குரிய எல்லையாகக் கொள்ள, யப்பானில் 9 போதும் என்கிறார்கள். துயரத்தை எந்த அளவுக்கு வெளியே சொல்வது என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. ஆகவே வினாத்தாளை வீட்டிலேயே நிரப்பி, புள்ளி குறைவு என்று ஆறுதலடைவதை நான் ஏற்கமாட்டேன்.

நூல் கட்டுவதையோ ஓதிப் பார்ப்பதையோ தடுத்துச் சண்டையிட வேண்டாம். ஆனால் அதே வாரத்தில் கிளினிக்குக்கும் அழைத்துச் செல்லுங்கள். வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம், நாம் மிட்வைஃப் என்று அழைப்பவரிடம், அவள் தனியே பேச வழி செய்யுங்கள். மாமியோ தாயோ பக்கத்தில் நின்றால் கால் வீக்கத்தோடு பேச்சு முடிந்துவிடும். இரத்தச்சோகையும் தைரொயிட் குறைபாடும் இதே சோர்வைத் தரக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனையைப் பற்றியும் கேளுங்கள். முன்பே மனநல மாத்திரை எடுப்பவராயின், வைத்தியரைக் கேட்காமல் அதைத் திடீரென நிறுத்தக் கூடாது.

‘செத்துப்போகலாம் போலிருக்கு’ என்று சொன்னால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். தனியே விடாமல், வயலுக்கு வாங்கி வைத்த கிருமிநாசினிப் போத்தல்களையும் மாத்திரைகளையும் அன்றே வீட்டிலிருந்து அகற்றிவிட்டு, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள். உடனடி ஆபத்து என்றால் 1990 அம்பியூலன்ஸ் வரும்.