படுக்கை காலியானால் யாருக்கு மிச்சம்? மருத்துவ ஸ்டார்ட்அப்புகளுக்கான கணக்கு

இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போன பிறகு, தினமும் அவர்களுடைய எடையையும் ரத்த அழுத்தத்தையும் கண்காணிக்கும் கருவி ஒன்றை நாங்கள் நான்கு பேர் சேர்ந்து உருவாக்கினோம். உடம்பில் நீர் கோக்கத் தொடங்கினால் பெரும்பாலும் எடை முதலில் ஏறும். மூச்சுத் திணறல் அப்புறம்தான் வரும். அந்த இடைவெளியில் கவனித்துவிட்டால் மருந்தை மாற்றி வீட்டிலேயே சமாளித்துவிடலாம். பைலட், அதாவது சிறிய அளவிலான சோதனை ஓட்டம், நன்றாகவே நடந்தது. விற்கப் போன மருத்துவமனையில், "உங்களுக்கு இத்தனை படுக்கை நாள்கள் மிச்சமாகும்" என்று காட்டினேன். நிதி அதிகாரி பொறுமையாகக் கேட்டார்: "படுக்கை காலியானால் எனக்கு எந்தச் செலவு குறையும்? சம்பளம், கட்டடம், மின்சாரம் எல்லாம் அப்படியேதானே இருக்கும்?"

என்னிடம் பதில் இல்லை. சுகாதாரப் பொருளாதாரத்தை நான் படிக்கத் தொடங்கியது அன்றுதான்.

எக்செல்லைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: பணம் கொடுப்பவர் யார், கருவியோடு மல்லுக்கட்டுபவர் யார், பலன் அடைபவர் யார். பல நேரம் மூவரும் வெவ்வேறு ஆட்கள். நோயாளி அனுமதியாகும் ஒவ்வொரு முறையும் தனியாகப் பணம் வாங்கும் மருத்துவமனைக்கு, நோயாளி திரும்பி வராதது வருமான இழப்பு. ஆண்டுக்கு ஒரு நபருக்கு இவ்வளவு என்று மொத்தமாக வாங்கும் அமைப்புக்கு அதுவே லாபம். வெளியே ஆட்கள் காத்திருக்கும் மருத்துவமனையில் காலிப் படுக்கை பணத்தை மிச்சப்படுத்தாது. ஆனால் இன்னொரு நோயாளிக்கு இடம் தரும். அதைச் 'சேமிப்பு' என்று சொல்லாதீர்கள், 'கூடுதல் இடம்' என்றே சொல்லுங்கள். நிதி அதிகாரிகளுக்கு இந்த வேறுபாடு உடனே புரியும். அதன் பிறகுதான் உங்களை நம்புவார்கள்.

அடுத்தது, எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பது. 'ஒன்றுமே செய்யாத நிலை' நிஜத்தில் அரிது. வாரம் ஒருமுறை நர்ஸ் போன் செய்து விசாரிக்கும் வழக்கம் ஏற்கெனவே இருந்தால், அதற்கு மேல் உங்கள் கருவி என்ன கூட்டுகிறது என்பது மட்டுமே உங்கள் கணக்கில் வரும்.

இப்போது ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான். 100 பேரில் 20 பேர் 30 நாளுக்குள் மீண்டும் அனுமதியாகிறார்கள், கருவியோடு 16 பேர். தவிர்த்தது 4. அதாவது ஒரு மறு அனுமதியைத் தவிர்க்க 25 பேருக்குக் கருவி கொடுக்க வேண்டும். ஆக, ஒரு நபருக்கு ஆகும் மொத்தச் செலவு, ஒரு மறு அனுமதிக்குச் செலவழிப்பதில் 25-இல் ஒரு பங்கைத் தாண்டினால், 'பணம் மிச்சம்' என்ற வாதம் நிற்காது. மொத்தச் செலவு என்றால் கருவியின் விலை மட்டும் இல்லை. எச்சரிக்கை மணி அடித்தால் எடுத்துப் பார்க்கும் நர்ஸின் நேரம், பொய் எச்சரிக்கைகளுக்கு ஓடும் ஓட்டம், பயிற்சி, தொலைந்த கருவிக்கு மாற்று எல்லாம் சேர்த்து. நாங்கள் நர்ஸின் நேரத்தை விட்டுவிட்டோம். பிறகு வார்டில் உட்கார்ந்து நிமிடக் கணக்கில் குறித்தபோதுதான், எங்கள் விலையைவிட அதுவே பெரிய செலவு என்று தெரிந்தது.

இன்னொன்று: அந்த 4 என்ற எண், எல்லோரும் ஒழுங்காகப் பயன்படுத்திய பைலட்டில் கிடைத்தது என்று வையுங்கள். நிஜத்தில் 100-இல் 60 பேர் மட்டுமே தொடர்ந்து பயன்படுத்தினால் தவிர்ப்பது 2.4 ஆகிவிடும், 25 பேர் என்றது கிட்டத்தட்ட 42 பேர் ஆகும். உங்கள் தொழிலின் உயிர் இந்த ஒரு எண்ணில் இருக்கலாம். எந்த அனுமானத்தை எவ்வளவு மாற்றினால் கணக்கு கவிழ்கிறது என்பதை நீங்களே முதலில் தேடிக் கண்டுபிடியுங்கள்.

சரி, பணம் மிச்சமாகவில்லை, ஆனால் நோயாளி நன்றாக இருக்கிறார். அதற்கும் ஓர் அளவுகோல் உண்டு: குவாலி, அதாவது தரம் சேர்த்து எண்ணிய வாழ்நாள் ஆண்டு. முழு ஆரோக்கியம் 1, மரணம் 0. ஒருவரின் நிலை 0.70-இலிருந்து 0.75-க்கு உயர்ந்து 2 ஆண்டு அப்படியே நின்றால் கிடைப்பது 0.1 குவாலி. கூடுதல் செலவைக் கூடுதல் குவாலியால் வகுத்து வருவதைத்தான் ஐசிஇஆர் என்கிறார்கள். எந்தச் சிகிச்சைக்குப் பொதுப் பணம் செலவிடலாம் என்று பரிந்துரைக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு நெடுங்காலம் ஒரு குவாலிக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை என்ற வரம்பை வைத்துப் பார்த்துவந்தது. எல்லா நாட்டிலும் இப்படி எழுதி வைத்த வரம்பு கிடையாது. விற்கப் போகும் இடத்தில் யார் எதை வைத்து முடிவெடுக்கிறார்கள் என்று விசாரித்துவிடுங்கள்.

குவாலி வேண்டுமென்றால் ஈக்யூ-5டி போன்ற கேள்வித்தாள் வேண்டும். நடமாட்டம், தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, அன்றாட வேலை, வலி, மனக்கவலை என ஐந்தே கேள்விகள். சில நிமிடத்தில் முடிந்துவிடும். கருவியைக் கையில் கொடுப்பதற்கு முன்பே ஒருமுறை கேட்டு வாங்குங்கள். நாங்கள் பைலட் முடிகிற நேரத்தில்தான் கேட்டோம். ஆரம்பத்தில் எப்படி இருந்தார்கள் என்பதற்குத் தரவே இல்லாததால் அந்த ஆறு மாத உழைப்பு ஒப்பிட உதவாமல் போனது. இன்றும் எனக்கு உறுத்துவது அதுதான்.

ஜெர்மனியில் 2019-இல் வந்த சட்டம், மருத்துவர் பரிந்துரைக்கும் செயலிகளுக்குப் பொதுக் காப்பீட்டில் வழி திறந்தது. போதுமான சான்று கையில் இல்லாதவர்களும் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்று, 12 மாதத்தில் நிரூபிக்கலாம். இந்த மாதிரி வாய்ப்பு வரும்போது ஆய்வுத் திட்டம் ஏற்கெனவே தயாராக இருக்க வேண்டும். ஓராண்டு மிகச் சீக்கிரம் ஓடிவிடும்.

மதிப்பு இருக்கிறது என்று நிரூபித்தாலும், "இந்த ஆண்டு என் பட்ஜெட்டில் எவ்வளவு போகும்?" என்ற கேள்வி தனியாக வரும். எத்தனை பேர் தகுதியானவர்கள், முதல் ஆண்டில் எத்தனை பேருக்குப் போய்ச் சேரும், மூன்றாம் ஆண்டில் எத்தனை பேர் என்று ஒரு பக்கத்தில் காட்டினால் போதும்.

அந்தப் பக்கத்தைப் பிடிஎஃப்பாக அனுப்பாதீர்கள். அனுமானங்கள் எல்லாம் மஞ்சள் கட்டங்களில் இருக்கிற எக்செல்லாகவே அனுப்புங்கள், நிதி அதிகாரி தன் எண்களைப் போட்டுப் பார்க்கட்டும். இரண்டாவது முறை போனபோது நான் அப்படித்தான் செய்தேன். நர்ஸ் நேரம் என்ற கட்டத்தில் அவர் என் எண்ணை அழித்துவிட்டுத் தன்னுடையதை எழுதினார். அதன் பிறகு நாங்கள் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம்.